தெரியவில்லை என்னும் கட்டம்

ரிஜிஸ்டரில் பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி, மூஞ்சூறு, பிள்ளைக்காரி என்று ஐந்து. ஆறாவது, ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு ஒல்லிக் கட்டம். அதன் தலையில் ‘தெரியவில்லை’ என்று அச்சடித்திருக்கும். பதினோரு வருஷத்தில் அளவுக்காரி அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சுகாதார நிலையத்தின் பின்கட்டில் அவளுக்கு வேலை. ஊரார் அந்த இடத்துக்கு வைத்த பெயர் எலி ஆபீஸ். பொறிக்காரர் சாயந்திரமானால் தெருத்தெருவாகப் போய் வீடு, கடை, கிடங்கு என்று பொறிகளை வைத்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வண்டியில் அள்ளி வந்து சிமென்ட் மேடையில் இறக்குவார். அதற்கப்புறம் அளவுக்காரி பாடு. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கிளவுஸ் போட்டுக்கொண்டு, பிடிபட்டதை மருந்தில் அடக்கி, பலகையில் கிடத்தி நாலு அளவு எடுப்பாள். உடம்பு, வால், பின்னங்கால், காது. அளவை எழுதி, இனத்தைக் கட்டத்தில் குறித்து, உடம்பைக் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும். வால் அறுந்தது, காது கிழிந்தது மாதிரிக் குறையுள்ளவற்றை மட்டும் சீட்டுக் கட்டி மூன்று மாதம் ஸ்பிரிட் பாட்டிலில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

எல்லா எலியும் எலிதானே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“ஒரே தெருவுல இருக்கீங்கன்னு உங்களையும் உங்க பக்கத்து வீட்டுக்காரரையும் ஒண்ணுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? மூஞ்சூறு எலியே இல்லீங்க. அதுக்கு மூக்கு நீட்டம், கண்ணு கடுகு. உங்க அரிசியை அது தொடாது, பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. அதைப் போய் அடிச்சுக் கொன்னுட்டு எலியை ஒழிச்சுட்டேன்னு வந்து நிக்கிறீங்களே.”

பெருச்சாளிக் குட்டியையும் வளர்ந்த வீட்டெலியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் படித்த ஆபீசரே தடுமாறுவார். அவள் பின்னங்காலை மட்டும் பார்ப்பாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி உடம்புக்கு மீறின பாதம் இருந்தால் அது குட்டி. சுண்டெலிப் புழுக்கை, மூஞ்சூறுப் புழுக்கை எல்லாவற்றையும் ஜனங்கள் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டுவார்கள். அவள் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வாள். தப்பினதில்லை.

பிள்ளைக்காரி மட்டும் வேறு விஷயம். ஆபீஸ் காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பொறிக்காரர்கள் வைத்தது பிள்ளைக்காரி. ஒரு ஈற்றில் பதினைந்து, இருபது என்று போட்டுத் தள்ளும். பார்ப்பதற்கு அரைவளர்ச்சி வீட்டெலி மாதிரியே இருக்கும். அதே சாம்பல் கலந்த பழுப்பு, அதே காது. வீட்டெலிக்கு வால் உடம்பைவிட நீளம், இதற்கு உடம்பைத் தாண்டாது. அதைவிட நிச்சயமான அடையாளம் வயிற்றில். மற்ற எலிகளுக்குக் காம்புகள் பக்கத்துக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. இதற்கு எட்டு, பத்து, சில சமயம் பன்னிரண்டு. இது மூத்திரம் போன இடத்தைக் கூட்டிப் பெருக்கினால், அந்தத் தூசியிலிருந்து மனுஷனுக்கு ஒரு காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலுக்குத் தனி மருந்து. அதையும் முதல் சில நாளைக்குள் ஆரம்பித்தால்தான் உண்டு. அதனால்தான் இந்த ஆபீஸ், இந்த ரிஜிஸ்டர், இந்த ஸ்கேல் எல்லாம். ஒரு இடத்தில் பிள்ளைக்காரி என்று எழுதிவிட்டால் அந்த இடத்தை மூன்று வாரம் மூடி, தானியத்தையும் மாவையும் கொளுத்திவிடுவார்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதினால் உடம்பு பெரிய ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். பதில் வரும்வரை அப்போதும் கதவுக்குப் பூட்டுத்தான்.

அவள் குடியிருந்தது அண்ணனுடைய பேக்கரிக்கு மேல் அறையில். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு ஒரு பெட்டியோடு வந்து ஏறிய அறை அது. வந்த அன்றைக்கு ஏன், எதற்கு என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடாக ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது அளவுக்காரிக்குப் பன்னிரண்டு வயசு. தாயில்லாத பெண்ணின் தலையில் பேன் பார்த்து, பாவாடைக்கு நாடா கோத்து வளர்த்தவள் அண்ணிதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“நில்லு அங்கேயே. எலியைத் தொட்ட கையோட என் மாவறைப் பக்கம் வந்தே, கைய ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன். பின்னால போய்க் குளிச்சுட்டு வா. டீ வச்சிருக்கேன்.”

“கிளவுஸ் போட்டுத்தானே அண்ணி தொடுறேன்.”

“நீ கிளவுஸ் போட்டா உன் தலைமுடி போட்டுக்குச்சா? போடீ.”

பதினோரு வருஷமாகத் தினமும் இதே பேச்சு. கொல்லையில் ஒரு வாளி தண்ணீர் தயாராக இருக்கும். குளிர்காலமென்றால் அது வெந்நீராக இருக்கும். அதை அண்ணி ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மழை விட்டதும் வயலில் தண்ணீர் ஏறி எலியெல்லாம் ஊருக்குள் வந்துவிடும். அந்த மாதத்தில்தான் கடைகளுக்கெல்லாம் சுகாதாரச் சோதனை. அந்த வருஷம் சோதனை நாளன்று மேடையில் நாற்பது பொறி. அதில் பத்தொன்பதாவது, அண்ணன் பேக்கரியின் மாவறையிலிருந்து வந்தது. அண்ணனே வாசலில் வந்து நின்றிருந்தார். தாடியெல்லாம் மாவு. கடை அடைத்துக் கிடந்தால் அன்றைய புளித்த மாவு முழுக்க வீண், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய ரொட்டியும் போகாது.

“என்னம்மா, நம்ம எலி என்ன சொல்லுது?”

“எலி என்ன சொல்லும்? உங்க ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்லுது.”

பொறிக்காரர் சிரித்தார். அவள் எலியைப் பலகையில் போட்டாள். சின்ன உடம்பு. பொறியின் கதவு விழுந்ததில் வால் பாதியில் நறுக்கிப் போயிருந்தது. ஆக, வால் அளவு கிடையாது. பின்னங்காலை அளந்தாள். வீட்டெலிக் குட்டி என்றும் சொல்லலாம், வேறு மாதிரியும் சொல்லலாம், அப்படியொரு இரண்டுங்கெட்டான் அளவு. இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மல்லாத்திப் போட்டு, வயிற்று மயிரை ஈரப்பஞ்சால் விலக்கி எண்ண வேண்டும். குட்டியென்றால் காம்புகள் குத்தூசி முனை அளவுதான் இருக்கும். கால்மணி நேரமாவது பிடிக்கும். எண்ணியும் புரியாவிட்டால் ஆறாவது கட்டம்.

“வீட்டெலிதானே?” என்றார் அண்ணன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோதனை ஆபீசர் முன்கட்டில் கடை கடையாகச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இருபத்தொரு பொறி பாக்கி. அதோடு, சொந்த அண்ணன் எதிரில் நின்றுகொண்டு ஒரு எலியைப் பார்த்து இது என்னவென்று தெரியவில்லை என்று அவள் எழுதுவதா?

“வேற என்ன? வீட்டெலிக் குட்டி” என்றாள். எழுதினாள். வால் அறுந்ததால் விதிப்படி சீட்டுக் கட்டி ஸ்பிரிட்டில் போட்டாள். இருபதாவது பொறியைத் திறந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் உடம்பு வலி என்றாள். இரண்டாம் நாள் தொண்டை வலி, மாவு தேய்க்கும்போதே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் கஞ்சி இறங்கவில்லை. நாலாம் நாள் அண்ணன் ஒரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அளவுக்காரி வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணியின் முகம் ஊதிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவ்வளவு பேசுகிற மனுஷி கண்ணைத் திறக்கவே யோசித்தாள்.

“குளிச்சுட்டு வந்தியா?” என்று மட்டும் கேட்டாள். குரலே இல்லை.

“காலையிலதான் அண்ணி. இன்னும் எலிக்கிட்ட போகலை.”

“காது ரெண்டும் கொய்ங்குன்னு இருக்கு. யாரோ உள்ள உக்காந்து இரும்பைத் தேய்க்கிற மாதிரி.”

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அண்ணனிடம் தைரியமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்க. இந்தப் பருவத்துல வர்ற காய்ச்சல்தான். எலியால வர்ற காய்ச்சலோன்னு முதல்ல எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. உங்க கடை விலாசத்தைக் கொடுத்து நிலையத்துல கேட்டுட்டேன். அங்க சோதனை பண்ணி ரெண்டரை வாரம்தான் ஆகுது, வெறும் வீட்டெலிதான்னு ரிஜிஸ்டர்ல இருக்காம்.”

“ஆமாங்க டாக்டர். இதோ, எழுதினதே என் தங்கச்சிதான். கண்ணை மூடிக்கிட்டு வாசனையிலயே எலியைச் சொல்லிடும்” என்றார் அண்ணன். அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை.

டாக்டரம்மா அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். அளவுக்காரி முகத்தை அண்ணியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அந்த மருந்தை எதுக்கும் கொடுத்துடக் கூடாதாங்க?” என்றாள்.

“ரத்தத்தையே கெடுக்குற மருந்தும்மா அது. இருக்கிறதும் நாலு பேருக்குத்தான் இருக்கு. காரணமில்லாம எடுக்க முடியாது. ஏன், ரிஜிஸ்டர்லதான் தெளிவா இருக்கே?”

அளவுக்காரி வெளியே இறங்கினாள். நடக்கிறோமா ஓடுகிறோமா என்று தெரியாமல் எலி ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். பொறிக்காரர் அப்போதுதான் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்தாள். மூன்றாவது தட்டில், சீட்டு வெளுத்துப்போய், அந்தப் பாட்டில் இருந்தது. கிளவுஸ் மாட்டிக்கொண்டாள்.

இடுக்கியால் எடுத்துப் பலகையில் மல்லாத்தினாள். ஸ்பிரிட்டில் ஊறியதில் மயிர் சேர்ந்து சேர்ந்து ஒதுங்கி, வயிற்றுத் தோல் வெள்ளையாகத் தெரிந்தது. பெட்டைக் குட்டி. லென்ஸை இழுத்து, விளக்கைத் தாழ்த்தி, ஒரு தீக்குச்சியின் முனையால் வலது பக்கம் மேலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. வாய்விட்டு எண்ணுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நாலு. ஐந்து. கடவுளே, இதோடு நிற்கட்டும். ஆறு. பரவாயில்லை, ஆறும் உண்டு, ஆறு காம்பு வீட்டெலி எத்தனையோ பார்த்திருக்கிறாள். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஈர மயிருக்கு அடியில் ஏழாவது புள்ளி இருந்தது. அப்புறம் எட்டாவது. அப்புறம் ஒன்பது.

இடது பக்கம் எண்ணினாள். அங்கேயும் ஒன்பது.

தீக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பொறிக்காரர் பக்கத்தில் வந்து லென்ஸில் குனிந்து பார்த்தார். இருபது வருஷம் பொறி வைத்த மனுஷர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எந்தக் கடை?”

“எங்க கடை.”

அவர் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

“இங்க பாரும்மா. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நேத்து வச்ச பொறியில ஒரு பிள்ளைக்காரி விழுந்திருக்கு, வேற தெரு. அதோட சீட்டை மாத்தி உங்க கடைன்னு போட்டுடலாம். இன்னைக்குப் புடிச்சதுன்னு ஆயிடும். அண்ணிக்கு மருந்தும் கிடைச்சுடும், உன் பேருக்கும் ஒண்ணும் வராது. இந்தப் பாட்டில் கை தவறி விழுந்து உடைஞ்சுது. யாரு கேக்கப் போறா?”

அவர் கெட்டவரில்லை. அவள்மேல் பாசமுள்ளவர். அந்த யோசனையில் எல்லாமே ஒழுங்காகப் பொருந்தியது, அதுதான் கொடுமை. ஒரு நிமிஷம் அவள் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“அப்போ அந்த வேற தெருக்காரங்க?” என்றாள் கடைசியில். “அவங்க அந்த இடத்தைக் கூட்டிக்கிட்டே இருப்பாங்கல்ல?”

பொறிக்காரர் தலைத்துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

“எண்ணலைங்க. அன்னைக்கு நான் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தா அண்ணி அந்த ரூமைக் கூட்டியிருக்க மாட்டாங்க. ரெண்டு வாரம் தினமும் கூட்டியிருக்காங்க. குனிஞ்சு, மூக்குக்கு ஒரு துணிகூட இல்லாம.” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, பத்தொன்பதாவது வரியில் வீட்டெலிக் கட்டத்தை ஒரே கோட்டில் அடித்து, பிள்ளைக்காரிக் கட்டத்தில் குறித்து, பக்கத்தில் ‘என் பிழை. எண்ணாமல் எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரிஜிஸ்டரை ஒரு கையிலும் பாட்டிலை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு பொறிக்காரர் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் மரியாதையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“இன்னைக்கு ஐஞ்சாவது நாள். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரியலைன்னு ஒரு கட்டம் இருக்கே. அதை எழுதுறதுக்கு என்ன?”

பதிலுக்காக டாக்டரம்மா நிற்கவில்லை, மருந்தறைக்கு ஓடினாள். அரை மணியில் அண்ணியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி.

மத்தியானம் நிலையத்து ஆட்கள் வந்து மாவறையைக் காலி செய்தார்கள். கடைக்குப் பின்னால் குழி வெட்டி மூட்டையோடு கொளுத்தினார்கள். மாவு எரிகிற வாசனை முதலில் ரொட்டி வாசனை மாதிரியே இருந்தது. பசியோடு இரண்டொருவர் எட்டிக்கூடப் பார்த்தார்கள். பிறகு புகை கறுத்துத் தெருவெல்லாம் கமறியது.

அண்ணன் குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“எப்படிம்மா? நீதானே பார்த்து வீட்டெலின்னு எழுதினே?”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்தாள். அதற்குள் அவரே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

“மூட்டைக்காரன். அவன் கொண்டாந்த மூட்டையிலதான் வந்திருக்கு. அந்த வாரம்தானே புது மாவு இறக்கினான்? ஈரக் கிடங்குல எலியோட எலியா மூட்டையை அடுக்கி வச்சிருப்பான் படுபாவி. என் பொண்டாட்டியைக் கொல்லப் பார்த்துட்டான்.”

“அண்ணா...”

“நீ சும்மா இரு. இனிமே அவன் இந்தத் தெருவுல கால் வைக்கக் கூடாது.”

அவள் சும்மா இருந்துவிட்டாள். அண்ணி பிழைப்பாளா என்று தெரியாத நேரம், அண்ணனிடம் இதையும் சொல்லி அவரைக் கொல்ல வேண்டுமா என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். காரணத்துக்கா பஞ்சம்? அண்ணன் மற்ற பேக்கரிகளுக்கும் போய்ச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் மூட்டைக்காரரிடம் யாரும் மாவு வாங்குவதில்லை என்றாயிற்று. அவரும் வாயில்லாப் பூச்சி. கிடங்கில் பொறி வைத்துப் பாருங்கள் என்று எலி ஆபீசுக்கே நடந்து வந்து கேட்டார். வைத்துப் பார்த்தார்கள். இரண்டு சுண்டெலியும் ஒரு மூஞ்சூறும் விழுந்தன. அவள்தான் அளந்து எழுதினாள். சுத்தமான கிடங்கு என்று சீட்டும் கொடுத்தாள். அந்தச் சீட்டைக் காட்டியும் ஒருவரும் அவரை நம்பவில்லை.

நிலையத்தில் ஆபீசர் அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. இனி அவள் எழுதுவதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டார். புழுக்கை கொண்டுவருகிறவர்களிடம் அவள் இப்போது தீர்ப்பு சொல்வதில்லை. ஒரு நாள் கால் நசுங்கி, வயிறு கிழிந்து ஒரு எலி வந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆறாவது கட்டத்தில் பேனாவை வைத்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி பதினெட்டு நாள் கிடந்தாள். எட்டாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. அண்ணன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. உயிருக்கு இனிமேல் பயமில்லை, இடது காது மட்டும் போய்விட்டது, அது திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னாள். அண்ணி வீட்டுக்கு வந்தபோது பாதியாக இருந்தாள். மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே கட்டில் போட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துக் கடை திறந்தார்கள். அன்றைக்கு அளவுக்காரிக்கு வேலையே ஓடவில்லை. மதியத்தோடு மேடையைக் கழுவிவிட்டு, துணியைக்கூட மாற்றாமல் கிளம்பி வந்தாள். தெருமுனையிலேயே அண்ணன் சத்தம் கேட்டது.

கடை வாசலில் மூட்டைக்காரர் நின்றிருந்தார். தோளில் ஒரு மாவு மூட்டை. இறக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

“கடை திறக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். பழைய பழக்கம், ஒரு மூட்டை இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். நீங்களே பிரிச்சுப் பாருங்க. ஒரு புழுக்கை இருந்தா என்னைச் செருப்பால அடிங்க.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுய்யா வந்தே? ஒரு காது போச்சுய்யா என் வீட்டுக்காரிக்கு! போய்யா!”

உள்ளே, மாவு பிசையும் மேடை முன்னால் அண்ணி உட்கார்ந்து மாவை உருண்டை உருண்டையாக நறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நடப்பது அவள் காதில் விழுகிறதா இல்லையா என்று முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை. அளவுக்காரி நேராக உள்ளே போனாள். அண்ணியின் பக்கத்தில் குனிந்தாள்.

“அண்ணி, அந்த எலி அன்னைக்கே நம்ம மாவறையில இருந்துச்சு. நான்தான் பார்க்காம எழுதினேன்.”

அண்ணி மாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு உருண்டை. இன்னொரு உருண்டை.

அப்போதுதான் அளவுக்காரிக்கு உறைத்தது. அவள் குனிந்திருந்தது இடது பக்கம். மூன்று வாரம் நெஞ்சில் வைத்துப் புழுங்கியதை ஒருவழியாகச் சொல்லி முடித்தால், அது கேட்காத காதில் போய் விழுந்திருக்கிறது. அந்தக் காதைக் கேட்காமல் செய்ததும் அவள்தான். அப்படியே மேலே ஏறிப் போய்விடலாமா என்று கால் ஒரு எட்டு பின்னால் வைத்தது. வாசலில் மூட்டைக்காரர் இன்னும் மூட்டையைச் சுமந்துகொண்டே நின்றார்.

மேடையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். இந்தத் தடவை குனியவில்லை.

“அண்ணி! மூட்டையில வரலை. அவர் மேல தப்பில்லை. அண்ணன் கடை மூடிடுமேன்னு, எனக்குத் தெரியலைன்னு எழுத வெக்கப்பட்டுக்கிட்டு, எண்ணாமலே வீட்டெலின்னு எழுதிட்டேன். உங்க காது போனது என்னாலதான்.”

வாசலில் சத்தம் அப்படியே நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். தூக்கின கை தூக்கினபடியே இருந்தது.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொரு விரலாக உருட்டி எடுத்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ அடிச்சுத் திருத்தின ரிஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தியாமே. உன்னாலதான் படுத்தேன், உன்னாலதான் எழுந்தேன். அந்தக் கண்ணாடி ரூம்ல கிடந்து இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீயா வந்து சொல்றியா, இல்லை சொல்லாமலே விட்டுடுறியான்னு பார்த்தேன்.”

“அண்ணி...”

“என்கிட்ட சொன்னது போதும். நான் ஒரு காதாவது வச்சிருக்கேன். பேரைப் பறிகொடுத்தவர் அதோ நிக்கிறார். அவர்கிட்ட போய்ச் சொல்லு.”

அளவுக்காரி வாசலுக்குப் போனாள். மூட்டைக்காரர் எதிரில் நின்று மூன்றாவது தடவை அதையே சொன்னாள். கிடங்குக்குச் சீட்டு எழுதியபோதும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். மூட்டைக்காரருக்கு உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அண்ணனைப் பார்த்து, “எங்க இறக்கட்டும்?” என்று கேட்டார்.

அண்ணன் மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளையாயிற்று. அவர் போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக உள்ளே தூக்கிப் போனார்கள்.

“பழைய இடத்துல வைங்க” என்றாள் அண்ணி. பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள், வலது காது தெருவைப் பார்க்கிற மாதிரி. “இங்க பாரு. எனக்குக் கோபம் இருக்கு. நாளைக்கே போயிடாது. போறப்போ போகும். அதுவரைக்கும் என்கிட்ட சமாதானம் பேச வராதே.”

“சரி அண்ணி.”

“அங்கேயே நின்னா எப்படி? எலியைத் தொட்ட துணியோட என் மாவு கிட்ட வரைக்கும் வந்துட்டே இன்னைக்கு. பின்னால போய்க் குளிச்சுட்டு வா.”

அளவுக்காரி கொல்லைக்குப் போனாள். வாளியில் தண்ணீர் இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். வெந்நீர்.